வரி முடிப்பு

இந்த ஸ்டேஷனில் காற்று நன்றாக வருகிறது. என் ஆபீசில் இருக்கும் மின்விசிறி சத்தம் மட்டும்தான் போடும். நீங்கள் என்னை இந்த ஜன்னலோரம் உட்காரவைத்து டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல ஏட்டையா எழுதுவார் என்றீர்கள். நான்தான் வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்றேன். தப்பாக நினைக்க வேண்டாம். பிறர் சொல்வதைக் கேட்டுச் சர்க்காருக்கு எழுதித் தருவதே என் பிழைப்பு. என் விஷயத்தை இன்னொருவர் எழுதி நான் கீழே கையெழுத்துப் போடுவது எனக்குச் சரிப்பட்டு வராது.

நீங்கள் கேட்டது சின்னக் கேள்விதான். வேங்கிக்கால் வேடியப்பன் கடைசியாக என்னை எப்போது பார்க்க வந்தார், என்ன பேசினார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தார். புதன்கிழமை காலையில் அவருடைய கிணற்றிலிருந்தே அவரைப் பிணமாக எடுத்தார்கள். கடன் தொல்லையா என்று கேட்டீர்கள். அவருக்குக் கடன் கிடையாது. வயதான மனிதர், மனசு சரியில்லாமல் இருந்தார் என்று நான் சொல்லியிருந்தால் நீங்களும் எழுதி முடித்திருப்பீர்கள், நானும் பதினோரு மணிக்கு ஆபீஸ் திறந்திருப்பேன். ஆனால் எதையும் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோகும் பழக்கம் எனக்கு இல்லை.

என் பெயர் முருகையன். திருவூடல் தெருவில் பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் என் ஆபீஸ். வருமான வரி விஷயங்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். அதிலும் இந்த ஊரில் என்னைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு காரியத்துக்காக வருவார்கள். வீட்டையோ மனையையோ கம்பெனிப் பங்குகளையோ விற்றிருப்பார்கள். விற்றதில் வந்த லாபத்துக்கு வரி உண்டு. அந்த வரியை உடனே கட்டச் சொல்லமாட்டார்கள். மறு வருஷம் ஆனி, ஆடி வாக்கில் கணக்குக் கொடுக்கும்போது கட்டினால் போதும். அதுவரைக்கும் பணம் கையில் இருக்கும். அதில் எவ்வளவு நம்முடையது, எவ்வளவு சர்க்காருடையது என்பதுதான் கேள்வி. அதை முன்கூட்டியே மதிப்பிட்டுச் சொல்வது என் வேலை.

சொல்வது சுலபம், காப்பாற்ற வைப்பதுதான் பாடு. ஆரம்பத்தில் மல்லாட்டைக் கடலை வியாபாரி ஒருவர் கடைத்தெரு வீட்டை விற்றார். வரிக்கு இவ்வளவு எடுத்து வையுங்கள் என்றேன். தலையைத் தலையை ஆட்டினார். ஆடி மாதம் போய்க் கேட்டால், தங்கைக்குச் சீர் செய்தேன், லாரியில் பங்கு போட்டேன் என்கிறார். கடைசியில் இருந்த கடையும் ஜப்திக்குப் போயிற்று. தெருவில் என்னைப் பார்த்தால் எதிர் வரிசைக்கு மாறிப்போவார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கையில் இருக்கும் நோட்டைப் பார்த்து இது நம்முடையது இல்லை என்று பத்து மாதம் நினைத்துக்கொண்டிருப்பது சாதாரண மனிதனால் ஆகிற காரியமா.

அதற்குப் பிறகுதான் இந்த முடிப்பு. நம் பக்கத்தில் வேண்டுதலுக்குக் காசு முடிந்து வைப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மஞ்சள் துணியில் காசை முடிந்து சாமிக்கென்று வைத்துவிட்டால், அடுப்பில் பூனை தூங்கினாலும் அதில் கை வைக்கமாட்டார்கள். நான் வரிப் பணத்தையும் அப்படியே முடியச் சொன்னேன். புதுத் துணியை மஞ்சளில் நனைத்துக் காயவைத்து, மதிப்பிட்ட தொகையை வைத்து, ஒரு விரலி மஞ்சளும் ஒற்றை ரூபாயும் சேர்த்து என் கையாலேயே முடிச்சுப் போடுவேன். பெரிய கோயிலுக்கு எடுத்துப்போய் அண்ணாமலையார் சந்நிதியில் அர்ச்சனை செய்து வந்து வீட்டில் சாமி படத்துக்குக் கீழே மாட்டிவிடுவார்கள். கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும் என்று ஒரு விதியையும் வைத்தேன். அது எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை, நான் வைத்ததுதான். ஆனால் சனங்கள் அதைக் கேட்டதும் தலையாட்டினார்கள், ஏற்கெனவே தெரிந்த விஷயம் போல.

நான் கட்டிய முடிப்பு எதையும் யாரும் நடுவில் தொட்டதில்லை. ஒருவர் நிலத்துக்கும் ஜப்தி வந்ததில்லை. மதிப்பீட்டை எப்போதும் சற்றுத் தாராளமாகவே போடுவேன். மிஞ்சினால் சந்தோஷம், குறைந்தால் அவமானம். முருகையன் சொன்ன தொகைக்கு மேல் சர்க்கார் கேட்காது என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சு எனக்கு மிகவும் பிடிக்கும். மறைக்க என்ன இருக்கிறது.

வேடியப்பன் என்னிடம் முதலில் வந்தது எழுபத்தேழாம் வருஷம் ஆவணியில். விவசாயக் குடும்பம். ஆனால் இளவயதில் சென்னையில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் கார் ஓட்டினார். துரை ஊருக்குத் திரும்பும்போது ரொக்கமாகத் தராமல், ஒரு தேயிலைக் கம்பெனியின் பங்குகளை இவர் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார். இவர் அந்தக் காகிதங்களை டிரங்குப் பெட்டியில் போட்டுவைத்துவிட்டு வேங்கிக்காலில் நெல் நட்டுக்கொண்டிருந்தார். மூத்த பெண் தங்கம்மாளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. அடகில் இருந்த நிலத்தையும் மீட்க வேண்டும். பங்குகளில் பெரும் பாகத்தைச் சென்னைத் தரகர் மூலம் விற்றார். நல்ல விலை வந்தது.

அன்று அவரோடு இளைய பெண்ணும் வந்திருந்தாள். உண்ணாமலை என்று பெயர். பதினேழு வயது இருக்கும். என் மாடிப்படி செங்குத்தானது, அவள் பாதியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு ஏறினாள். நான் என் நாற்காலியையே கொடுத்தேன். அவள் உட்கார்ந்ததும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ புஸ்தகமும் வரி வாங்கறதுக்காங்க? குடுக்காம இருக்கறதுக்கு ஒண்ணுகூட இல்லியா?" என்று கேட்டாள். வேடியப்பன் அதட்டினார். நான் சிரித்துவிட்டேன். முடிப்புக் கட்டும்போது துணியின் முனைகளை அவள்தான் பிடித்துக்கொண்டாள். "இம்மாம் இறுக்கமா போட்டா சர்க்காரே அவுக்க முடியாது" என்றாள்.

அந்த முடிப்பில் ஆறாயிரம் ரூபாய் வைத்துக் கட்டினேன். எப்படி மதிப்பிட்டேன் என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். பழைய சொத்தாக இருந்தால் வாங்கிய விலைக்குப் பதிலாக, சட்டம் குறித்திருக்கும் ஒரு தேதியில் அது என்ன விலைக்குப் போயிற்றோ அதை வைத்துக்கொள்ளலாம். அந்தத் தேதி ஐம்பத்து நாலாம் வருஷம் ஜனவரி ஒன்று. அன்று அந்தப் பங்கின் விலை பத்து ரூபாய். இவர் விற்றது அறுபதுக்கு. பங்குக்கு ஐம்பது ரூபாய் லாபம் என்று வைத்து, சலுகைகளைக் கழித்து, வழக்கப்படி மேலே கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். என் கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை.

மிச்சப் பணத்தில் நிலம் மீண்டது. ஐப்பசியில் தங்கம்மாள் கல்யாணம் நடந்தது, நானும் போய்ச் சாப்பிட்டேன். கார்த்திகை தீபத்தன்று இளையவளால் வாசலுக்கு வந்து மலையைப் பார்க்கக்கூட முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். மார்கழியில் வேலூருக்குக் கூட்டிப்போனார்கள். சிறுவயதில் வந்த காய்ச்சல் இருதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டதாம். ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வாள், வெயில் காலம் வருவதற்குள் செய்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லித் தேதியும் கொடுத்தார். ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும்.

தை பிறந்ததும் வேடியப்பன் வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். உட்காருங்கள் என்றால் உட்காரவில்லை.

"முடிச்ச கொஞ்சம் அவுக்கலாங்களா, சார்?" என்றார். "ஆனிக்குள்ள மறுபடியும் கட்டி வெச்சிடறேன்."

"எதை வெச்சிக் கட்டுவீங்க?"

"அறுப்பு வந்துடுங்க."

"வரலைன்னா?" என்றேன். "போன மாசம் அடிச்ச புயல்ல பாதி நெல்லு படுத்துடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. அறுப்பும் வரல, வரியும் கட்டலைன்னா நிலத்துலதான் வந்து கை வெப்பாங்க. இப்பதான் மீட்ட நிலம். வெளிய யார்கிட்டயாவது கேட்டுப் பாருங்க. சாமி முன்னாடி வெச்சத எடுக்க வேணாம்."

"நீங்க சொன்னா செரிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வெளியே கேட்டார்தான். நிலத்தை மறுபடி அடகு வாங்க ஆள் இல்லை. அந்த வருஷம் புயல் எல்லார் கையையும் காலி செய்திருந்தது. மூத்த பெண்ணின் நகையைக் கேட்டுப் போனார். கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை, சம்பந்தி வீட்டில் முகத்தில் அடித்தாற்போலப் பேசி அனுப்பினார்கள். உறவில் புரட்டியது பாதிக்குக்கூடக் காணவில்லை. வேலூரில் கொடுத்த தேதி கடந்து போயிற்று. சித்திரையில் வேறொரு தேதி கிடைத்தது.

இதுவரை படித்தால், சட்டத்துக்குப் பயந்த ஒரு மனிதன் நல்லதாகத்தான் புத்தி சொல்லியிருக்கிறான் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்றை அதன் இடத்தில் சொல்லாமல் தாண்டி வந்துவிட்டேன். அது கார்த்திகையில் வரவேண்டியது.

தீபம் முடிந்து இரண்டொரு நாள் இருக்கும், மலைமேல் கொப்பரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சென்னையிலிருந்து எனக்குத் தபாலில் வரும் சட்டப் புத்தகம் வந்தது. அந்த வருஷத்து பட்ஜெட்டில் தேதியை மாற்றியிருந்தார்கள். இனி ஐம்பத்து நாலு இல்லை, அறுபத்து நாலு. வேடியப்பன் விற்ற வருஷத்துக்கே அது பொருந்தும். சென்னைத் தரகருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். அறுபத்து நாலில் அந்தப் பங்கு ஐம்பது ரூபாயைத் தொட்டுக்கொண்டிருந்தது என்று பதில் வந்தது. ஐம்பதுக்கு இருந்ததை அறுபதுக்கு விற்றால் லாபம் என்ன வரும். அதிலும் சலுகைகளைக் கழித்தால் வரிக்கு ஒன்றுமே நிற்காது. ஒரு பைசாகூட இல்லை.

ஆக, தை மாதம் வேடியப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் முன்னால் நின்றபோது, அந்த ஆறாயிரமும் அவருடைய சொந்தப் பணம் என்பது எனக்குத் தெரியும். தரகரின் கார்டு மேஜை இழுப்பறையில் இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பணத்துக்காக இல்லை. அந்தப் பணம் அவர் வீட்டில் இருந்தது, என்னிடம் இல்லை. கொஞ்சம் பொறுமையாக யோசித்துப் பாருங்கள். அப்போது இந்த ஊரில் என் முடிப்புத் தொங்கும் வீடுகள் நாற்பதுக்குக் குறையாது. ஒன்றை நான் போய் நடுவில் அவிழ்த்து, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றால், மறுநாளே மற்ற வீடுகளிலும் துணியை அவிழ்த்து எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். எண்ண ஆரம்பித்தால் செலவழிப்பார்கள். மல்லாட்டை வியாபாரியின் கதை நாற்பது வீட்டில் நடக்கும். அதுவும் அல்லாமல் அப்போதுதான் பலராமன் என்ற பையன் சென்னையில் ஆடிட்டர் பரீட்சை பாஸ் செய்து வந்து சந்நிதித் தெருவில் போர்டு மாட்டியிருந்தான். முருகையன் பழைய சட்டத்தை வைத்துக்கொண்டு குப்பை கொட்டுகிறார் என்று அவன் சொல்ல ஒரு வாய்ப்பு நான் ஏன் தரவேண்டும்.

ஒரு யோசனையும் வைத்திருந்தேன். ஆனியில் கணக்குக் கொடுக்கும்போது, பேசிப் போராடி வரியே இல்லாமல் செய்துவிட்டேன் என்று சொல்லி முடிப்பை அவிழ்த்துக் கொடுப்பது. தப்பும் வெளியே தெரியாது, அவர்களுக்கும் முழுப் பணம் கிடைக்கும். ஆறேழு மாதம் பொறுத்தால் எல்லாருக்கும் நல்லதாக முடியும். அந்தப் பெண்ணும் அதுவரை தாங்குவாள் என்றுதான் மதிப்பிட்டேன்.

மாசியில் அவர் சம்சாரம் ராணியம்மாள் தனியாக வந்தார்கள். புருஷனைப் போல வளைந்து பேசுகிறவர்கள் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. அந்த ஆறாயிரமும் முழுசா வரிக்குப் பூடுமா, இல்ல கம்மியாவுமா?"

புதுப் புத்தகம் எங்கள் இருவருக்கும் நடுவில் மேஜைமேல் இருந்தது. நான் அதன்மேல் கை வைத்துக்கொண்டிருந்தேன்.

"கம்மியாகாதுங்க" என்றேன். "ஆச்சுன்னா ஜாஸ்திதான் ஆகும்."

"உங்க வூட்டுப் பொண்ணுனு நெனச்சி சொல்லுங்க."

"அப்படி நெனச்சித்தான் சொல்றேன்."

பிறகு, "நானே அவுத்துட்டா?" என்றார்கள்.

இதற்கு என்ன சொல்வதென்று நான் தேட வேண்டியிருக்கவில்லை. "அவுத்துக்குங்க. நான் என்ன உங்க கையயா புடிச்சிருக்கேன்? ஆனா ஆபரேஷன்ல ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா, சாமி முடிச்ச அவுத்ததாலதான்னு ஊரு பேசும். ஊரு பேசறத விடுங்க, உங்க மனசு பேசுமே. அதத் தாங்குவீங்களா?"

அவர்கள் எழுந்துகொண்டார்கள். புடவைத் தலைப்பால் நாற்காலியைத் துடைத்துவிட்டுப் போனார்கள். ஏன் துடைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன். என்னைக் கல்நெஞ்சன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

பங்குனி கடைசியில் உண்ணாமலை இறந்துபோனாள். கூடத்தில் சாமி படத்துக்கு நேர் எதிரே கட்டில் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். படத்துக்குக் கீழே முடிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. நான் மாலை வாங்கிக்கொண்டு போனேன். அழுதேன். பொய்யாக அழவில்லை. பாவம், நல்ல பெண். வேடியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எவ்ளோ எடுத்துச் சொன்னீங்க, சார். எங்க விதிங்க" என்றார். அந்த மனிதருக்கு யார்மேலும் குறை சொல்லத் தெரியாது.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் என்ன ஆகும். போன பெண் வரப்போவதில்லை, அவர்கள் துக்கம்தான் இரண்டு மடங்காகும். அவர்கள் நன்மைக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனியில் கணக்குக் கொடுத்துவிட்டு நேரே வேங்கிக்கால் போனேன். அவர்கள் முன்னால் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். இறுகிப் போயிருந்தது, பல்லால் கடித்துத்தான் தளர்த்த வேண்டியிருந்தது. "வேலூர் வரி ஆபீசுக்கு நாலு நடை நடந்து பேசினேன். உங்க கஷ்டத்தச் சொன்னேன். வரியே வேணாம்னு பண்ணிட்டேன்" என்றேன். வேடியப்பன் கைகூப்பிக்கொண்டே குனிந்துவிட்டார். ராணியம்மாள் நோட்டுகளைத் தொடவில்லை.

"அப்ப இது பூரா எங்க பணந்தானா?" என்றார்கள்.

"உங்க பணந்தாங்க."

"எப்பலேர்ந்து?"

நான் "இன்னையிலேர்ந்து" என்றேன்.

வெற்றிலைத் தட்டில் வைத்து எனக்கும் ஒரு தொகை கொடுத்தார்கள். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றால் மனசு கஷ்டப்படும் என்று வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் எனக்கு நல்ல காலம். பெண்ணைப் பறிகொடுத்த வீட்டுக்கு வரியைப் பைசா இல்லாமல் தள்ளுபடி செய்து கொடுத்தவர் என்று வேடியப்பனே ஊரெல்லாம் சொன்னார். செங்கம் ரோட்டிலிருந்தும் போளூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பலராமன் கொஞ்ச நாளில் போர்டைக் கழற்றிக்கொண்டு வேலூர் போய்ச் சேர்ந்தான். நானும் அந்த விஷயத்தை மறந்துவிட்டேன் என்றே சொல்லலாம்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். வேடியப்பன் மிச்சம் வைத்திருந்த பங்குகளையும் விற்றிருந்தார். கிரிவலப் பாதையில் மகள் பேரில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டப்போவதாகச் சொன்னார். வரிக்கு எவ்வளவு வைக்க வேண்டும் என்று கேட்க வந்திருந்தார். மஞ்சள் துணியை மடித்துக் கையோடு கொண்டுவந்திருந்தார், புதுத் துணி. எழுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது, ஆனால் படியேறி வந்தும் மூச்சு வாங்கவில்லை.

அவரிடம் எனக்குப் பிரியம் உண்டு. அதனால் மற்றவர்களுக்குச் சொல்வதைவிட விரிவாகவே சொன்னேன். "இப்ப புதுசா தேதிய மாத்திட்டாங்க. எழுபத்து நாலாம் வருஷத்து விலைய வெச்சிக்கலாம். உங்களுக்கு வரி ரொம்பக் கம்மியாத்தான் வரும்" என்றேன்.

"அப்படிலாம் தேதிய மாத்துவாங்களாங்க?"

"மாத்துவாங்க. மொதல்ல ஐம்பத்து நாலு. அப்புறம் அறுபத்து நாலு. இப்ப எழுபத்து நாலு."

"அறுபத்து நாலுனு எப்ப மாத்துனாங்க?"

"எழுபத்தேழுல" என்றேன். நாக்கு முந்திக்கொண்டது.

அவர் துணியை மடிமேல் வைத்து நீவிக்கொண்டிருந்தார். "நாம வித்ததும் எழுபத்தேழுதாங்க" என்றார். "அப்ப நம்ம பங்குக்கும் அந்தக் கணக்குத்தானே வந்திருக்கும்? அதுல பார்த்தா எவ்ளோ வரிங்க?"

அது அடுத்த வருஷத்துக்குத்தான் பொருந்தும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வார்த்தை என் வாயில் தயாராக இருந்தது. ஆனால் அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தடுமாறி விழுந்த ஆளைப் பார்ப்பது போல இரக்கமாகப் பார்த்தார்.

"செரி, வுடுங்க சார்" என்றார். "புதுசா வந்த சட்டம். உங்களுக்கே தெரியாம பூட்டிருக்கும். இந்த ஊர்ல உக்காந்துகினு எல்லாம் தெரியணும்னா முடியுமா? தெரியாம பண்ணதுக்கு யாரு என்ன பண்றது?"

இன்ஸ்பெக்டர் ஐயா, அவர் எனக்கு மன்னிப்புக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டிருக்கலாம். வாங்கியிருந்தால் அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பார், காலையில் தொட்டிக்குக் கல் பார்க்கப் போயிருப்பார். ஆனால் எனக்குச் சட்டம் தெரியவில்லை என்று ஒருவர், அதுவும் கார் ஓட்டிய ஒருவர், என் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு என்னிடமே சொல்கிறார். என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"தெரியும்" என்றேன். "கார்த்திகையிலயே தெரியும். சென்னைக்கு எழுதிப் போட்டு வெலையக்கூட வாங்கி வெச்சிருந்தேன். அந்தப் பணத்துக்கு வரியே கெடையாது."

அவர் எதையும் உடனே விளங்கிக்கொள்கிறவர் இல்லை. கார்த்திகை, மார்கழி, தை என்று உதடு அசைந்தது. "அப்ப நான் தை மாசம் வந்தப்ப?" என்றார்.

"தெரியும்."

"அவ வந்தப்ப?"

"தெரியுங்க."

என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், திட்டவாவது செய்வார் என்று எதிர்பார்த்தேன். துணியை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொள்ள மறந்துவிட்டார். நான் கூப்பிட்டுச் சொன்னேன், அவர் திரும்பவில்லை. பின்னாலேயே போயிருக்கலாம். ஆனால் போளூர்க்காரர் ஒருவர் ரொம்ப நேரமாக வெளியே காத்துக்கொண்டிருந்தார். அவர் மனை விற்றவர். அவருக்கு மதிப்பிட்டுக் கொடுத்து முடிக்க மணி ஏழாகிவிட்டது.

இதுதான் நடந்தது. நீங்கள் கேட்டபடி முழுவதும் எழுதிவிட்டேன். உண்ணாமலைக்கு வேண்டிய பணம் அவள் வீட்டிலேயே இருந்தது. அது அவளுடைய பணம்தான் என்று தெரிந்தும் நான் சொல்லவில்லை. தகப்பன் கேட்டபோதும் சொல்லவில்லை, தாய் கேட்டபோது பொய் சொன்னேன். ஒன்பது வருஷம் கழித்து, சொல்லாமல் இருந்திருக்க வேண்டிய நேரத்தில் சொன்னேன். இதற்குச் சட்டத்தில் என்ன பிரிவு வருமோ போட்டுக்கொள்ளுங்கள். நான் தேடிப் பார்த்தவரை ஒன்றும் வராது.

ஒரு விண்ணப்பம் மட்டும் உண்டு. ராணியம்மாள் பாவம், வீட்டில் தனியாக இருப்பார்கள். இந்த வருஷக் கணக்கை அவர்கள்தான் கொடுக்க வேண்டும், ஒன்றும் தெரியாது. விற்ற பணம் வேறு கையில் இருக்கிறது, ஆளாளுக்கு வந்து ஏமாற்றப் பார்ப்பார்கள். வரி எவ்வளவு வரும் என்று மதிப்பிட்டு வைத்துவிட்டேன். காரியம் முடிந்ததும் என்னை வந்து பார்க்கச் சொல்லுங்கள், கூலி எதுவும் வாங்கமாட்டேன். இந்த நேரத்தில் அவர்களுக்கு நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டும்.